சம்பள நாளில் எந்தப் பிடித்தம் முந்துகிறது: டெப்ட் ரிவ்யூ தவணையை வங்கிக் கணக்கிலிருந்து கட்டுவது

தென்னாப்பிரிக்காவில் டெப்ட் ரிவ்யூவில், அதாவது எல்லாக் கடனையும் ஒரே மாதத் தவணையாக்கிச் சட்டப்படி அடைக்கும் ஏற்பாட்டில், இருப்பவரின் தவணை தவறினால், கையில் காசில்லை என்றே எல்லோரும் முடிவுகட்டுகிறார்கள். பல வீடுகளில் காசு இருக்கிறது. 25ஆம் தேதி அதிகாலையில் சம்பளம் கணக்கில் விழுகிறது. விடிவதற்குள் துணிக்கடைக் கணக்கும் பழைய பர்சனல் லோனும் தங்கள் பங்கை உருவிக்கொள்கின்றன. புதிய தவணைக்கான பிடித்தம் வரும்போது கணக்கில் போதிய தொகை இல்லை. அது திரும்பிப்போகிறது, திரும்பியதற்கு வங்கி ஒரு கட்டணமும் போடுகிறது. அந்த ஒரு பிடித்தத்தை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பந்தியில் உட்காரவைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் வீடுகளில் எந்தக் கடன் சிக்கலையும் ‘திவால்’ என்றுவிடுகிறோம். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் திவால் என்பது 1936ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் ஒருவருடைய சொத்தை டிரஸ்டியின் கையில் ஒப்படைப்பது. நீதிமன்றம் முன்கூட்டியே விடுவிக்காவிட்டால், அந்த நிலை தானாக நீங்கப் பத்து ஆண்டுகள் ஆகும். சம்பளம் வாங்கிக்கொண்டே மாதாமாதம் கடனை அடைப்பவர்களுக்கு உரியது டெப்ட் ரிவ்யூ. 2005ஆம் ஆண்டின் 34ஆம் எண் தேசியக் கடன் சட்டம், 86ஆம் பிரிவு. 2007 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ லெனேசியாவிலோ ‘நான் ரிவ்யூவில் இருக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அது இதுதான்.

ரிவ்யூவுக்கான விண்ணப்பமான ஃபார்ம் 16இல் நீங்கள் கையெழுத்திட்ட பிறகு, ஐந்து வேலை நாட்களுக்குள் டெப்ட் கவுன்சலர், அதாவது ரிவ்யூவை நடத்தும் கடன் ஆலோசகர், ஃபார்ம் 17.1 மூலம் கடன் கொடுத்த எல்லா நிறுவனங்களுக்கும், கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிரெடிட் பீரோக்களுக்கும் தெரிவிக்க வேண்டும். பிறகு உங்கள் வரவு செலவைப் பார்த்து, எல்லாக் கடனுக்கும் சேர்த்து ஒரே மாதத் தொகை கொண்ட திட்டத்தை வகுக்கிறார். அந்தத் தொகை கவுன்சலரின் கணக்குக்குப் போகாது. பேமென்ட் டிஸ்ட்ரிபியூஷன் ஏஜென்ட், சுருக்கமாகப் பிடிஏ, என்ற நிறுவனத்துக்குப் போகும். அந்த நிறுவனம் நேஷனல் கிரெடிட் ரெகுலேட்டரிடம், அதாவது என்சிஆரிடம், பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். பிடிஏ அதைப் பிரித்து ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அனுப்பும். கவுன்சலரின் மாதக் கட்டணத்தையும் அதிலிருந்தே கொடுக்கும். ‘என் கணக்கில் போடுங்கள், நான் பிரித்துக் கட்டுகிறேன்’ என்று கவுன்சலரே சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். என்சிஆரின் எண் 0860 627 627. கைபேசிப் பொத்தான்களில் N, C, R என்று இரண்டு முறை தட்டினால் 0860க்குப் பின்வரும் எண் கிடைக்கும், மறக்காது. கவுன்சலருக்கும் பிடிஏவுக்கும் பதிவு இருக்கிறதா என்று என்சிஆரிடமே கேட்கலாம்.

கணக்கை மாற்றுவதுதான் முதல் வேலை

உங்கள் சம்பளம் விழும் வங்கியிடமே உங்களுக்குக் கடன் இருந்தால், அந்தக் கணக்கைத் தவணைக்குப் பயன்படுத்தாதீர்கள். கணக்கில் வரும் பணத்தை வங்கி தன் கடனுக்காகத் தானே எடுத்துக்கொள்வதை செட்-ஆஃப் என்பார்கள். தேசியக் கடன் சட்டத்தின் கீழ் வரும் கடன்களுக்கு வங்கி அப்படித் தன்னிச்சையாக எடுக்கக் கூடாது என்று 2019இல் உயர்நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்திட்ட அனுமதி ஏதாவது இருக்கலாம். ஓவர்டிராஃப்ட் (இருப்புக்கு மேல் எடுக்க வங்கி தரும் கடன்) இருந்தால் சம்பளம் விழுந்தவுடன் அந்தப் பள்ளத்தைத்தான் நிரப்பும். எடுத்த பணத்தை வாதாடித் திரும்ப வாங்கலாம். அதற்குள் தவணைத் தேதி போய்விடும்.

எனவே எந்தக் கடனும் இல்லாத வேறொரு வங்கியில் சாதாரண பரிவர்த்தனைக் கணக்கு ஒன்றைத் திறப்பதே நல்லது. ரிவ்யூவில் இருப்பவர் புதிய கடன் வாங்கக் கூடாது, பழைய கார்டிலும் செலவு செய்யக் கூடாது என்று 88ஆம் பிரிவு சொல்கிறது. புதிய கணக்கு திறப்பதை அது தடுப்பதில்லை. திறக்கும்போது ஓவர்டிராஃப்ட், கிரெடிட் கார்டு என்று எதை நீட்டினாலும் வேண்டாம் என்றுவிடுங்கள். வங்கியின் ஆப்பிலிருந்து முத்திரையுள்ள கணக்கு உறுதிப்படுத்தும் கடிதத்தைத் தரவிறக்கி, வேலையிடத்தின் பேரோல் பிரிவுக்குக் கொடுங்கள். பல இடங்களில் மாத நடுவிலேயே அந்த மாதச் சம்பளப் பட்டியலை மூடிவிடுவார்கள். 20ஆம் தேதி கொடுத்த கடிதம் அடுத்த மாதம்தான் வேலை செய்யும். அந்த இடைப்பட்ட மாதத்தில், பழைய கணக்கில் சம்பளம் விழுந்தவுடன் தவணைத் தொகையை நீங்களே கையால் அனுப்ப வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பழைய கணக்கை விட்டு வந்த நிம்மதியில், அதிலிருந்து போய்க்கொண்டிருந்த நல்ல டெபிட் ஆர்டர்களை, அதாவது மாதாமாதம் தானாக நடக்கும் பிடித்தங்களை, மறந்துவிடுகிறார்கள். ஈமச்சடங்குக் காப்பீடு, மெடிக்கல் எய்ட், கார் காப்பீடு, பள்ளிக் கட்டணம் ஆகியவை திட்டத்துக்குள் வராது. உங்கள் வீட்டுச் செலவுப் பட்டியலில்தான் அவற்றுக்குப் பணம் ஒதுக்கியிருப்பார்கள். பிரீமியம் தொடர்ந்து தவறினால் ஈமச்சடங்குக் காப்பீடு காலாவதியாகிவிடும்; புதிதாக எடுத்தால் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கடனில் எடுத்த காருக்குக் காப்பீடு இல்லாமல் போனால் அதுவே ஒப்பந்த மீறல். பழைய கணக்கின் மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டெபிட் ஆர்டரின் பக்கத்திலும் ‘மாற்று’ அல்லது ‘நிறுத்து’ என்று பேனாவால் எழுதுங்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நிறுத்த வேண்டியவை திட்டத்துக்குள் வந்த கடன்களின் டெபிட் ஆர்டர்கள் மட்டுமே. ஃபார்ம் 17.1 போனதால் அவை தானாக நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். கவுன்சலர் எழுத்தில் நிறுத்தக் கேட்க வேண்டும். நீங்கள் வங்கியிலும் நிறுத்த உத்தரவு போட வேண்டும். சில வங்கிகளில் அந்த உத்தரவு குறிப்பிட்ட தொகையைப் பார்த்தே தடுக்கும். 849 ரேண்ட் என்று நிறுத்தியிருந்தால் 851 ரேண்ட் என்று வருவது உள்ளே புகுந்துவிடும். புகுந்ததைச் சாதாரண டெபிட் ஆர்டராக இருந்தால் 40 நாட்களுக்குள் ஆப்பிலேயே மறுத்துத் திரும்ப வாங்கலாம். டெபிசெக் என்பது நீங்கள் முன்கூட்டியே மின்னணு முறையில் ஒப்புதல் கொடுக்கும் டெபிட் ஆர்டர்; அது ஒப்புக்கொண்ட வரம்புக்குள் வந்திருந்தால், அப்படித் திரும்ப வாங்க முடியாது. அதைக் கடன் கொடுத்த நிறுவனமே ரத்து செய்வதுதான் சுத்தமான வழி. ஒரு கடனில் ரிவ்யூவுக்கு முன்பே சட்ட நடவடிக்கை தொடங்கியிருந்தால் அது திட்டத்துக்கு வெளியே நிற்கும். அதற்குத் தனியாகக் கட்டித்தான் ஆக வேண்டும்.

டெபிட் ஆர்டரா, நீங்களே அனுப்புவதா

பிடிஏவுக்குப் பணம் போக இரண்டு வழிகள். ஒன்று, அவர்கள் உங்கள் கணக்கிலிருந்து டெபிட் ஆர்டராக இழுப்பது. மற்றது, நீங்களே ஈஎஃப்டி, அதாவது வங்கிவழி மின்னணு மாற்றல், மூலம் அனுப்புவது. சம்பளத் தேதி நிலையாக இருப்பவர்களுக்கு நான் டெபிட் ஆர்டரையே சொல்வேன், அதிலும் டெபிசெக் வசதி இருந்தால் அதையே. காரணம் வரிசைதான். டெபிசெக் பிடித்தங்கள் நள்ளிரவுக்குப் பின், சம்பளங்கள் கணக்கில் ஏறியதும் ஓடும் முதல் சுற்றில் வருகின்றன. சாதாரண டெபிட் ஆர்டர்கள் அதற்குப் பிறகு. பணம் போதாவிட்டால் சில நாட்கள் கணக்கைக் கவனித்திருந்து, பணம் வந்ததும் எடுக்கும் டிராக்கிங் வசதியும் டெபிசெக்கில் உண்டு.

டெபிசெக்கில் நீங்கள் ஒருமுறை மின்னணு ஒப்புதல் கொடுக்க வேண்டும். வங்கியின் ஆப்பிலோ கைபேசியில் குறியீட்டு எண் தட்டித் திறக்கும் யுஎஸ்எஸ்டி மெனுவிலோ கேள்வி வரும். அப்போது அவசரமாக ‘சரி’யைத் தட்டாமல் ஐந்தைப் பாருங்கள்: இழுப்பவரின் பெயர், கணக்கு எண், மாதத் தொகை, அதிகபட்சத் தொகை, தேதி. பெயர் இருக்கும் இடத்தில் பிடிஏவின் சுருக்கப் பெயர் வரும், உங்கள் கவுன்சலரின் பெயர் வராது. அது என்ன பெயர் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளாதவர்கள் மோசடி என்று பயந்து மறுத்துவிடுகிறார்கள். பதில் சொல்லாமல் விட்டாலும் ஒப்புதல் கிடைத்ததாகாது. அதன் பிறகு மாதம் வரும், பிடித்தம் வராமல் போகலாம், யாரும் உங்களை அழைத்துச் சொல்லவும் மாட்டார்கள்.

அதே திரையில் தேதியை மாற்றிக்கொள்ள அனுமதிக்கிறீர்களா என்ற விதியும் இருக்கும். நம் ஊர் டிசம்பருக்கு அது முக்கியம். பல தொழிற்சாலைகளும் கட்டுமான நிறுவனங்களும் டிசம்பர் நடுவிலேயே சம்பளத்தைக் கொடுத்து மூடிவிடுகின்றன. பிடித்தம் மாத இறுதியில் என்றால், இரண்டு வாரம் அந்தப் பணம் கிறிஸ்துமஸ் சாமான்களுக்கும் பிள்ளைகளின் சீருடைக்கும் நடுவே கணக்கில் கிடக்க வேண்டும். தேதி மாற்றத்துக்கு இடம் கொடுத்திருந்தால், முன்கூட்டியே எடுக்கச் சொல்லி நவம்பர் இறுதியிலேயே பிடிஏவிடம் கேட்கலாம்.

கூலி வாரச் சம்பளமாகவோ கமிஷனாகவோ வருகிறவர்களுக்கு ஈஎஃப்டி பொருந்தும். அதில் பிழை நடக்கும் இடம் ஒன்றே: ரெஃபரன்ஸ். வங்கி ஆப்பில் இரண்டு கட்டங்கள் இருக்கும், ‘என் ரெஃபரன்ஸ்’, ‘பெறுபவர் ரெஃபரன்ஸ்’ என்று. பிடிஏ கொடுத்த எண் இரண்டாவதில்தான் போக வேண்டும். முதல் கட்டத்தில் எண்ணையும் இரண்டாவதில் ‘தவணை மார்ச்’ என்றும் எழுதினால், பணம் பிடிஏவிடம் போய்ச் சேரும். யாருடையது என்று தெரியாமல் ஒதுக்கப்படாத வரவாக அங்கேயே படுத்திருக்கும். கடன் கொடுத்த நிறுவனங்களின் கண்ணுக்கு நீங்கள் தவறியவர். கவுன்சலர் எதைத் தந்தாரோ அதை இடைவெளி சேர்க்காமல், பூஜ்யம் விடாமல் அப்படியே எழுதுங்கள். பெறுபவராக ஒருமுறை சேமித்து வைத்துவிட்டால் மாதாமாதம் தட்டச்சுப் பிழைக்கு இடமிருக்காது. தினசரி அனுப்பும் வரம்பு தவணையைவிடக் குறைவாக இருந்தால் முந்தின நாளே உயர்த்திக்கொள்ளுங்கள்.

வேறு வங்கிக்கு அனுப்பும் சாதாரண ஈஎஃப்டி போய்ச் சேர ஒன்று இரண்டு வேலை நாட்கள் ஆகும். விடுமுறைகளை இதோடு சேர்த்து எண்ண வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வெள்ளியும் ஃபேமிலி டே திங்களும் விடுமுறை. 2024இல் அவை மார்ச் 29, ஏப்ரல் 1 என்று சரியாக மாத இறுதியில் வந்து விழுந்தன. இசிப்பிங்கோ ரெயில் என்ற ஊரிலுள்ள மாரியம்மன் கோவிலுக்கு நம் மக்கள் புறப்படும் பெரிய வெள்ளிக்கு முன், வியாழக்கிழமைக்கும் முன்பாகவே, தவணையை அனுப்பி முடித்துவிடுங்கள். வியாழன் மதியத்துக்கு மேல் அனுப்பியது செவ்வாய்க்கிழமைதான் சேரும் என்று கணக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஏப்ரல் 27, மே 1 இரண்டும் விடுமுறை. ஏப்ரல் மாத இறுதியும் அப்படித்தான். விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் திங்களும் மூடியிருக்கும். அவசரம் என்றால் உடனடி மாற்றல் வசதி இருக்கிறது, கூடுதல் கட்டணத்துடன்.

துண்டு விழுந்தால்

‘கொஞ்சம்தான் குறைந்தது’ என்பது இங்கே செல்லாது. தவணை 6,240 ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம், நீங்கள் 6,000 அனுப்பினீர்கள். கட்டணங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், வந்த பணம் விகிதப்படி பிரியும்போது 1,850 ரேண்ட் வரவேண்டிய நிறுவனத்துக்கு ஏறக்குறைய 1,779 ரேண்ட்தான் போகும். 240 ரேண்ட் குறைந்தது ஒருவரிடம் அல்ல. பட்டியலில் உள்ள எல்லோரிடமும் குறைந்தது. ஒவ்வொருவரின் கணினியிலும் ஒரு தவறிய தவணை பதிவாகும். திட்டத்தை உறுதிசெய்யும் நீதிமன்ற ஆணை பெற்ற பிறகு அதை மீறினால், வேறு எந்த அறிவிப்பும் இல்லாமல் கடன் கொடுத்தவர் வசூல் நடவடிக்கையைத் தொடங்கலாம் என்று 2013இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்புக் கூறிவிட்டது. கார், வீடு இருப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

ஆணை வரும்வரை கட்ட வேண்டாம் என்று சிலர் காத்திருப்பதும் ஆபத்து. விண்ணப்பித்து 60 வேலை நாட்கள் கடந்தும் விஷயம் நீதிமன்றத்துக்கோ நுகர்வோர் தீர்ப்பாயமான டிரிப்யூனலுக்கோ போகாமல் இருந்தால், தவணை தவறியிருக்கும் கடனைக் கொடுத்த நிறுவனம் ரிவ்யூவிலிருந்து அதை விலக்கிக்கொள்ளலாம். ஃபார்ம் 16க்குப் பின் வரும் முதல் சம்பளத்திலிருந்தே கட்டத் தொடங்குங்கள்.

முதல் இரண்டு மாதங்களில் வரும் தொலைபேசி அழைப்புகள் பலரை உலுக்கிவிடுகின்றன. முழுத் தவணை கட்டியும் ‘எங்களுக்கு எதுவும் வரவில்லை’ என்று கடன் நிறுவனம் சொல்லும். அது பொய்யாக இருக்காது. முதல் தவணை வழக்கமாகக் கவுன்சலரின் கட்டணத்துக்கும், இரண்டாவது வழக்கறிஞர் செலவுக்கும் போகிறது. இதைக் கையெழுத்திடும் நாளிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எந்த மாதம் யாருக்கு எவ்வளவு. அதைச் சொல்லாத கவுன்சலரை நான் நம்பமாட்டேன். மூன்றாம் மாதத்திலிருந்து பிடிஏவின் மாத ஸ்டேட்மென்ட்டையும் கடன் நிறுவனத்தின் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டிலும் தொகை ஒன்றாக இருக்க வேண்டும். தேதியில் சில நாள் வித்தியாசம் இயல்பு. வட்டி விகிதம் திட்டத்தில் ஒப்புக்கொண்டதுதானா என்றும் பாருங்கள். திட்டத்தைத் தங்கள் கணினியில் ஏற்றாமல் பழைய வட்டியையே ஓட்டுவது நடக்கிறது. ஒரு வருடம் கழித்துக் கண்டுபிடித்தால் சரிசெய்ய மிகவும் பாடுபட வேண்டும்.

சொத்து உரிமையில் சேர்ந்தே திருமணம் பதிவானவர்கள், அதாவது ஆன்ட்டினப்ஷல் ஒப்பந்தம் எழுதாமல் பதிவு செய்தவர்கள், கணவன் மனைவி இருவருமாகத்தான் ரிவ்யூவுக்குள் வர வேண்டும். தவணை ஒன்றே, கணக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பிடித்தம் வரும் கணக்கிலேயே இருவர் சம்பளமும் விழவேண்டியதில்லை. மற்றவர் தன் பங்கை முந்தின நாள் அந்தக் கணக்குக்கு மாதாமாதம் தானாக மாற்றும் நிலை உத்தரவைத் தன் வங்கியில் போட்டுவிட்டால் போதும். ‘நீ போட்டாயா’ என்று மாதாமாதம் கேட்க வேண்டியிருக்காது.

போனஸ் வந்தால் ஒரு கடனை நேராகக் கட்டி முடிக்க ஆசை வரும். பிடிஏவின் பேரேட்டுக்கு அது தெரியாது. முடிந்த கடனுக்கே பணம் போய்க்கொண்டிருக்கும். கூடுதல் தொகை எந்தக் கடனுக்கு என்று முதலில் கவுன்சலருக்கு மின்னஞ்சல், அவரிடமிருந்து பதில், பிறகு பணம். சொல்லாமல் அனுப்பினால் எல்லோருக்கும் விகிதப்படி பிரிந்து கரைந்துவிடும்.

வேலை போய்விட்டால், அந்த மாதமே கிரெடிட் லைஃப் காப்பீட்டை, அதாவது கடனோடு சேர்த்து எடுத்த காப்பீட்டை, கேளுங்கள். 2017 ஆகஸ்டுக்குப் பின் எடுத்த கடன்களில் அந்தக் காப்பீடு இருந்தால், வேலையிழப்புக்கு 12 மாதம் வரையிலான தவணையை அது ஏற்க வேண்டும் என்பது பொது விதி. தவணை தவறி, பிரீமியமும் நின்றபின் கேட்டால் கையை விரிப்பார்கள்.

மோசடி பற்றிச் சுருக்கமாக: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று பிடிஏவின் முத்திரையோடு மின்னஞ்சல் வந்தால், அதில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். உங்கள் பழைய ஒப்பந்தத்தில் உள்ள எண்ணை அழையுங்கள். பணம் அனுப்பிவிட்டால் ஈஎஃப்டி திரும்பி வராது.

அட்மினிஸ்ட்ரேஷன் ஆர்டரில், அதாவது சிறு கடன்களை நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகி வழியாக அடைக்கும் ஏற்பாட்டில், இருப்பவர்களுக்கு விதிகள் வேறு. அது 1944ஆம் ஆண்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, மொத்தக் கடன் 50,000 ரேண்ட் வரை. அங்கே பிடிஏ இல்லை. நீதிமன்றம் நியமித்த நிர்வாகிக்கே கட்ட வேண்டும். வசூலில் 12.5 சதவீதம் வரை அவர் எடுத்துக்கொள்ளலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துத் தர வேண்டும். அந்தப் பங்கீட்டுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். ரெஃபரன்ஸ், விடுமுறை, செட்-ஆஃப் பற்றி மேலே சொன்னது அதற்கும் அப்படியே பொருந்தும்.

கடைசித் தவணை நெருங்கும்போது மூன்று மாதம் முன்பே ஒவ்வொரு நிறுவனத்திடமும் மீதித் தொகையைக் கேளுங்கள். சில ரேண்ட் வட்டி எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். அடைபட்ட ஒவ்வொன்றுக்கும் கடிதம் வாங்குங்கள். வீட்டுக் கடன் மட்டும் மிஞ்சி, அதில் பாக்கி இல்லாமல் இருந்தால், அது முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரிவ்யூ முடிந்ததற்கான சான்றிதழான ஃபார்ம் 19ஐக் கவுன்சலர் கொடுக்கலாம். டெபிட் ஆர்டர் தானாக நிற்காது, பிடிஏவிடம் எழுத்தில் ரத்து செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து, ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கிரெடிட் அறிக்கையை ஒவ்வொரு பீரோவிடமும் எடுத்துப் பாருங்கள். ரிவ்யூ குறி இன்னும் அதில் இருந்தால் ஃபார்ம் 19இன் நகலை இணைத்து அந்தப் பீரோவிடமே முறையிடுங்கள். விசாரித்து முடிக்க அவர்களுக்கு 20 வேலை நாட்கள் உண்டு.